பெட்டி திரும்பும் இடம்

முதல் பெஞ்சு வாசலைத் தாண்டி ஐந்தடி போனதும் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. எட்டடி நீளம், புது மரம், வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். முன்னால் போனவர்கள் இடது பக்கம் திரும்பப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்களின் இடுப்பு கதவு நிலையில் சிக்கியது. வலது பக்கம் திருப்பினார்கள். அங்கேயும் அதே கதைதான்.

“கொஞ்சம் ஒதுங்கி வாப்பா.”

“எங்க ஒதுங்க? சுவருக்குள்ளயா?”

பீடத்தின் படிக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி ரசமட்டத்தைக் கையில் பிடித்தபடியே வந்தார். அவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவர், எத்தனை பீரோவையும் கட்டிலையும் மாடி ஏற்றியிருப்பார். யோசிக்கக்கூட இல்லை.

“நிறுத்துங்க. நிறுத்தி எடுங்க, வந்துரும்.”

நிறுத்தினார்கள். செங்குத்தாக நின்ற பெஞ்சு குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டே சுவரைச் சுற்றி வந்து, தேவாலயத்துக்குள் நுழைந்ததும் ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. தூக்கியவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதை எடுக்கப் போனார்கள். இன்னும் முப்பத்தொன்பது இருந்தன.

பெஞ்சுகளைச் செய்தவர் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். எல்லோரும் அவரைப் பெஞ்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு இன்னொரு தொழிலும் உண்டு: பெஞ்சுக்கு அறுத்து மிஞ்சுகிற பலகையில் சவப்பெட்டி செய்வார். ‘உட்கார்றதுக்கும் நானே, படுக்கறதுக்கும் நானே’ என்று அவரே சொல்லிச் சிரிப்பது வழக்கம். இப்போது சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இழுத்துப் பார்த்தார். சரியாக ஐந்தடி.

“என்னோடது ஆறரை அடி,” என்றார். “ஆள் குள்ளமா இருந்தா ஆறு.”

“எது?”

“மேஸ்திரி, பெஞ்சு நிறுத்தினா வந்துருச்சு. என்னோட இன்னொரு சரக்கு எப்படி வரும்?”

ரசமட்டத்தின் குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் நின்றிருந்தது, மேஸ்திரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நிறுத்தி எடுங்க’ என்று இப்போது சொன்னாரே, அதே சொல்லை, இதே குரலில், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடிப்படியில் நின்று சொன்னவரும் அவர்தான்.

அந்தச் சுவரை வரைந்தது அவருடைய மகள். கட்டட வரைபடம் படித்துவிட்டு ஓர் அலுவலகத்தில் நாலு வருஷமாக அடுத்தவர்களுடைய சமையலறையையும் குளியலறையையும் வரைந்துகொண்டிருந்தவளுக்குத் தானாக வந்த முதல் பெரிய வேலை இந்தத் தேவாலயம். பழைய தேவாலயத்தின் கூரை மழைக்குத் தாங்காது என்று இடித்த இடத்திலேயே புதிதாகக் கட்டுவது. வாசலுக்கும் நெடுஞ்சாலைக்கும் இருபது தப்படி தூரம்தான். பழைய நாளில் பிரசங்கம் பாதி, லாரி ஹாரன் பாதி. காற்றுக் காலத்தில் பீடத்துத் துணியை மூன்று முறை உதற வேண்டும். கட்டடம் பாதி எழும்பியபோது மகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கதவுக்கு நேரே, ஐந்தடி உள்ளே தள்ளி, பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். உள்ளே வருகிறவர்கள் அந்தச் சுவரை இடமாகவோ வலமாகவோ சுற்றித்தான் வர வேண்டும். தூசியும் சத்தமும் சுவரோடு நின்றுவிடும். சுற்றி வந்து திரும்பினால் மொத்தத் தேவாலயமும் ஒரேயடியாகக் கண் முன்னால் விரியும்.

சுவரும் வெறும் சுவரில்லை. செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஓட்டை ஓட்டையாக எழுப்பியது. சாயங்கால வெயில் அந்த ஓட்டைகளின் வழியாக வந்து தரையில் சதுரம் சதுரமாக விழும். மேஸ்திரி அந்தச் சுவரில் வேறு யாரையும் கரணை வைக்க விடவில்லை. பத்தொன்பது நாள், தூக்குக்குண்டு பிடித்துப் பிடித்து, தன் கையாலேயே கட்டினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கட்டி முடித்த அன்றைக்குப் பாதிரியார் வந்து பார்த்துக் கை தட்டினார். கட்டடக் கமிட்டிச் செயலாளர் அந்தச் சுவரைப் படம் எடுத்து, புதுத் தேவாலயத்தைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் நேர்ந்தளிப்பு விழா அழைப்பிதழின் முகப்பில் போட்டுவிட்டார்.

மகள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தாள். சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி போதும். கைக்குழந்தை வண்டிக்கு அதுவே தாராளம். கல்யாணப் பெண்ணின் உடை பின்னால் எவ்வளவு தூரம் தரையில் இழுபடும், சிலுவை பிடித்து வருகிறவர் அதை எவ்வளவு உயரம் தூக்குவார், ஆயரின் தொப்பி நிலையில் இடிக்குமா என்பது வரைக்கும் காகிதத்தில் இருந்தது. சாவு மட்டும் இல்லை. சந்தோஷமாக வரைகிறவர்களுக்கு அது எப்படித் தோன்றும்.

மத்தியானம் மேஸ்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். நடந்து பத்து நிமிஷம். தெருவில் வெயில் கண்ணைக் கூச வைத்தது.

வீடு கீழ்த்தளம். முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் மூன்று தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுத்து அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். இதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லி ஐந்து மாதமாகிறது. படுத்தால் மூச்சு முட்டும். ராத்திரியும் உட்கார்ந்தபடிதான் தூக்கம். கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. இருபத்தெட்டு வருஷம் தம்பியோடு சித்தாள் வேலை பார்த்தவள். கலவையைக் கையில் எடுத்துப் பார்த்தே சிமெண்ட் குறைச்சல் என்று சொல்லிவிடுவாள். தம்பி மேஸ்திரி ஆனதில் பாதி தன்னால்தான் என்பது அவள் கட்சி, அது பொய்யுமில்லை.

“பெஞ்சு வந்துருச்சாமே?” என்றாள்.

“வந்துருச்சுக்கா.”

“எல்லாம் உள்ள போயிருச்சா?”

“ம்.”

“என்னடா ம்? வாயில கொழுக்கட்டையா?”

“போயிருச்சுக்கா. பசிக்குது. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்.”

அவர் மனைவி சோறும் பருப்பும் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். நாத்தனாருக்குக் கஞ்சி, உப்பில்லாமல். நாத்தனார் முகத்தைச் சுளித்தாள்.

“உன் கஞ்சியைக் குடிச்சே நான் செத்துருவேன் போல.”

“குடிக்காட்டியும் சாவீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணி. குடிச்சுட்டே சாகலாம், எனக்கும் நிம்மதி.”

இரண்டு பேரும் இப்படித்தான். முதலில் கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். இருபத்தேழு வருஷமாக ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு கிடந்தவர்கள், இப்போது ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கி உட்கார வைத்து, தலைவாரி, கால் பிடித்துவிடுகிறாள். வாய் மட்டும் ஓயவில்லை.

மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா புருஷன் இறந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே மாடி வீட்டில் இருந்தது. படி நடுவில் மடங்கித் திரும்பும். பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள். முன்னால் இடது பக்கம் மேஸ்திரி. மடக்கில் பெட்டி மாட்டிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. கீழே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்தான் சொன்னார்: “நிறுத்துங்க. நிறுத்தி எடுங்க.” நிமிர்த்தினார்கள். உள்ளே உடம்பு சரிந்து இறங்கி, பலகையில் கால் மோதும் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. அரிசி மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி. ஆனால் படியில் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்த அக்காவுக்குக் கேட்டுவிட்டது. தேவாலயத்தில் கடைசியாக முகம் பார்க்க மூடியைத் திறந்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்கால் மடங்கி, நெஞ்சில் வைத்த பூ காலடியில் கிடந்தது. அக்கா எல்லோர் முன்னாலும் குனிந்து, தலையை நேராக்கி, பூவை எடுத்துத் திரும்ப நெஞ்சில் வைத்தாள். அழவில்லை. தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதமே கீழ் வீடு பார் என்றாள்.

டாக்டர் கையை விரித்த அன்றைக்குத்தான் அதைப் பற்றி வாயைத் திறந்தாள். ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம். பூ வேண்டாம், நல்ல துணி வேண்டாம். என்னை நிறுத்தக் கூடாது. படுக்க வச்சபடியே கொண்டு போகணும். படுக்கத்தான் இப்ப முடியல, அப்பவாவது படுத்துக்கறேன்.’ தம்பியும் தம்பி மகளும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். அந்தக் கை ஈரம் காய்வதற்குள் ஒருத்தி அந்தச் சுவரை வரைந்தாள், இன்னொருத்தர் கட்டினார்.

மகளிடம் மேஸ்திரி மறுநாள் காலையில் சொன்னார். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு உள்ளறையில் மேஜை போட்டு வேலை பார்ப்பாள். சொன்னதும் அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“பக்கத்துல ஃபாதர் உடைமாத்துற ரூம் கதவு இருக்குல்லப்பா. அது வழியா எடுத்துட்டு வரலாமே.”

“அது ரெண்டே முக்கால் அடி. வெளிய நாலு படி. படி ஏறின உடனே திருப்பம்.”

“அப்ப பெட்டியைத் தோள்ல வச்சு...”

“பாப்பா, ரெண்டு பக்கமும் தூக்கற ஆள் வேணும். பெட்டி ரெண்டு அடி, இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். அஞ்சடி அதுக்கே போயிருச்சு. அப்புறம் எங்க திருப்புறது?”

அவள் ஓர் அட்டையை எடுத்தாள். வரைபடத்தின் அளவுக்குச் சரியாக, தீக்குச்சி நீளத்தில் ஒரு துண்டு வெட்டினாள். வரைபடத்தில் வாசலில் வைத்து விரலால் தள்ளினாள். சுவரில் முட்டியது. இடப்பக்கம் திருப்பினாள், முனை கதவைத் தாண்டி வெளியே நின்றது. வலப்பக்கம். திரும்பவும் இடப்பக்கம். கால் மணி நேரம் அந்தத் துண்டைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அவள் தள்ளத் தள்ள, மேஸ்திரிக்கு அந்த மாடிப்படியில் நிற்கிற மாதிரியே இருந்தது.

“எல்லாரையும் சேர்த்தேன்பா,” என்றாள் கடைசியில். “அத்தையை மட்டும் விட்டுட்டேன்.”

அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நாலு வருஷம் காத்திருந்து வந்த வேலை. ஊர் முழுக்கப் புகழ்கிற சுவர். இதை இடி என்று எந்த அப்பன் சொல்வான்?

“அத்தைக்குத் தெரிய வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். அன்று மாலை வீட்டைப் பெருக்கும்போது அட்டைத் துண்டு விளக்குமாற்றோடு முன்னறைக்கு வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் கிடந்ததை அக்கா பார்த்து, எடுத்துத் தரச் சொன்னாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் கட்டடத்தில் கிடந்தவளுக்கு வரைபட அளவு தெரியாதா?

“பாப்பா, இங்க வா. இது என்ன?”

“சும்மா அட்டை அத்தை.”

“கட்டிலா?”

“ஆமா. கட்டில்தான்.”

“சர்ச்சுல யாருக்குடி கட்டில்?”

மகள் சொல்லிவிட்டாள். அடுக்களையில் இருந்த அவள் அம்மா ஈரக்கையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா அட்டைத் துண்டைத் தலையணைக்கடியில் வைத்தாள்.

“உங்கப்பன் வரட்டும்,” என்றாள்.

மேஸ்திரி வந்தபோது அவர் எதிர்பார்த்த சண்டை நடக்கவில்லை. அக்கா அமைதியாகக் கேட்டாள்.

“உடைக்கச் சொல்லிக் கேட்டியா?”

“நாளைக்குக் கமிட்டி வருதுக்கா. கேக்கறேன். இன்னும் பத்து நாள்தான் இருக்கு நேர்ந்தளிப்புக்கு. ஒத்துக்குவாங்களான்னு தெரியல.”

“நானும் வர்றேன்.”

“உன்னால எப்படிக்கா...”

“செத்தப்புறம் வர்றதை உயிரோட ஒரு தடவை வந்து பாத்துக்கறேன். வண்டி சொல்லு.”

மறுநாள் காற்று பேயாக அடித்தது. நெடுஞ்சாலையின் தூசி முழுவதும் வாசலுக்கு வந்து, சுவரில் மோதி, அங்கேயே அடங்கியது. சுவர் தன் வேலையை அவ்வளவு ஒழுங்காகப் பார்த்தது.

செயலாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கெட்டவர் இல்லை. பழைய கூரை ஒழுகிய நாளிலிருந்து இந்தக் கட்டடத்துக்காக ஐந்து வருஷம் வீடு வீடாக அலைந்தவர். மேஸ்திரி விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“மேஸ்திரி, நல்ல காரியம் நடக்கப் போற நேரத்துல சாவு பேச்சு எதுக்கு? அழைப்பிதழ் ஆயிரம் போயாச்சு. முகப்புலயே இந்தச் சுவர்தான் இருக்கு.”

“அழைப்பிதழ்ல போட்ட என் பழைய போட்டோவுல தலையில முடிகூட இருக்கு,” என்றார் பாதிரியார். அவர் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். “மாசத்துக்கு ரெண்டு அடக்கம் பண்றவன் நான். எனக்கே தோணலையே மேஸ்திரி.”

“தோணாதது தப்பில்ல ஃபாதர். ஒரு வழி பண்ணலாம்,” என்றார் செயலாளர். “பெட்டியை வாசல்லயே வச்சு ஜெபம் பண்ணிட்டு அப்படியே கல்லறைக்கு எடுத்துட்டுப் போயிரலாம். இல்லைன்னா அந்த ஒரு திருப்பத்துல மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி... ஒரு நிமிஷ வேலைதானே?”

அப்போதுதான் வண்டி வந்து நின்றது. மேஸ்திரியின் மனைவியும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க, அக்கா இறங்கினாள். இருபது தப்படி நடக்க இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள். வாசலுக்கு வந்து சுவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டு உள்பக்கம் தடவினாள்.

“கலவையை நல்லா வழிச்சிருக்க,” என்று தம்பியிடம் சொன்னாள். “அழகாத்தான் இருக்கு.”

“திருப்பத்துல கொஞ்சம் நிமிர்த்தினா ஒரு நிமிஷ வேலைதாம்மா,” என்று செயலாளர் அவளிடமும் சொன்னார். அக்கா அவரைப் பார்த்தாள்.

“ஒரு நிமிஷ வேலைன்னீங்களே சார், அதைச் செஞ்சு பாத்துரலாம். சாரப் பலகை இருக்கா?”

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. பெஞ்சுக்காரருக்கு விளங்கிவிட்டது. அவர் போய், ஒன்றரை அடி அகலத்தில் ஆறரை அடிப் பலகை ஒன்றை எடுத்து வந்து, தன் மேல்துண்டை அதில் விரித்தார். மேஸ்திரியின் மனைவி குறுக்கே வந்தாள்.

“அண்ணி, படுத்தா உங்களுக்கு மூச்சு முட்டும்.”

“அஞ்சு நிமிஷம் தாங்கும். கையைப் பிடி.”

படுத்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நீட்டி நிமிர்ந்து படுத்தாள். மூச்சு விசிலடித்தது. ஆறு பேர் தூக்கினார்கள். முன்னால் இடது பக்கம் மேஸ்திரி, அவருக்கு எதிரில் பெஞ்சுக்காரர். மெல்ல வாசலைத் தாண்டினார்கள். சுவர் வந்தது. இடப்பக்கம் திரும்பினார்கள். மேஸ்திரியின் தோள் செங்கலில் உரசியது, பின்னால் இருந்தவர்களின் முதுகு கதவோடு ஒட்டிக்கொண்டது, பலகை குறுக்காக மாட்டி நின்றுவிட்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. அக்கா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

“சொல்லு தம்பி,” என்றாள். “இந்த இடத்துல நீ என்ன சொல்லுவ?”

மேஸ்திரியின் வாய் திறந்தது. சொல் நாக்கில்தான் இருந்தது. பின்னால் நின்ற ஆட்கள் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்கள். பதினோரு வருஷமாக அக்கா கேட்காத கேள்வி. செயலாளர் ஃபைலைக் கீழே வைத்தார்.

“சொல்லு,” என்றாள் அக்கா.

“இறக்குங்க,” என்றார் மேஸ்திரி. “அப்படியே பின்னால போய் இறக்குங்க.”

இறக்கி, உட்கார வைத்து, முதுகைத் தடவினார்கள். மூச்சு ஒரு நிலைக்கு வரக் கொஞ்ச நேரமாயிற்று. வந்ததும் அவள் முதலில் சொன்னது வேறு.

“மேல பூச்சு சரியில்ல. கதவுக்கு உள்பக்கம், கூரையில கை அகலத்துக்கு மேடு தட்டுது. நின்னு பாத்தா தெரியாது. படுத்தாத்தான் தெரியும்.”

எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

செயலாளர் தொண்டையைச் செருமினார். அவர் முகம் கறுத்திருந்தது.

“சுவர் நடுவுல ஒரு கதவு வச்சுரலாமே,” என்றார் மெதுவாக. “சாதாரணமா மூடியே இருக்கும். அடக்கத்துக்கு மட்டும் திறக்கலாம்.”

“அப்ப உயிரோட இருக்கறவங்க சுத்தி வரணும், செத்தவங்க மட்டும் நேரா வரணுமா சார்?” என்றாள் அக்கா. “அந்தக் கதவைப் பாக்கறப்பல்லாம் உங்களுக்கே அடி வயித்துல என்னமோ செய்யும்.”

பாதிரியார் சிரித்துவிட்டார். செயலாளருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“தூசி வருமே ஃபாதர். லாரி சத்தம் வருமே.”

“வரட்டும். இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசிக்கறேன்.”

அதற்குள் மகள் சுண்ணக்கட்டியை எடுத்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. சுவரின் நடுவை அளந்து, கதவின் அகலத்துக்குச் சரியாக ஆறடி விட்டு, இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகக் கோடு போட்டாள். கோடு கோணவில்லை. மேஸ்திரி உளியை எடுத்து, முதல் செங்கலைத் தானே பெயர்த்தார். பத்தொன்பது நாள் கட்டியதில் பாதி ஒன்றரை நாளில் கீழே வந்தது. உடையாமல் எடுத்த செங்கல்களை அவர் வெளியே வரிசையாக அடுக்கினார். அடுக்கும்போது ஒன்றிரண்டைத் துடைத்தும் வைத்தார். மிச்சமிருந்த இரண்டு சுவர்த் துண்டுகளின் வெட்டு முனைகளையும் பூசி வழித்துவிட்டார். தரையில் சுவர் நின்ற தடத்துக்கு அதே நிறத்தில் ஓடு கிடைக்கவில்லை. சிமெண்ட் போட்டு நிரப்பினார்கள். அது சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையாகக் கிடந்தது. நான்காம் நாள் சாரம் கட்டி, கூரையில் அந்த மேட்டைத் தேய்த்து எடுத்தார். சாரத்தில் ஏறித் தடவிப் பார்த்தபோது அக்கா சொன்ன இடத்திலேயே, சொன்ன அகலத்திலேயே இருந்தது.

நேர்ந்தளிப்புக்கு வந்தவர்கள் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் எங்கே, சுவர் எங்கே என்று தேடினார்கள். அக்கா சக்கர நாற்காலியில் நேராக உள்ளே போனாள். ஆயரின் பிரசங்கத்தின் நடுவே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. செயலாளர் திரும்பி மேஸ்திரியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத முடியாது. மகளின் அலுவலகத்தில் யாரோ ‘நல்ல ஐடியா, கெடுத்துட்டீங்களே’ என்றார்களாம். வீட்டில் சொன்னபோது அவள் முகம் வாடித்தான் இருந்தது. அத்தை அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, தலையணைக்கடியிலிருந்து அந்த அட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

“வச்சுக்க. அடுத்த சர்ச்சு வரையறப்ப முதல்ல இதை உள்ள விட்டுப் பாரு.”

ஏழு வாரம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில், ஒரு விடிகாலை அக்கா போய்விட்டாள். தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான். மேஸ்திரியின் மனைவிதான் முதலில் பார்த்தாள். அவள் தலையணைகளை ஒவ்வொன்றாக உருவி, நாத்தனாரை மெல்லப் படுக்க வைத்தாள். ‘படுத்துக்கங்க அண்ணி’ என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் சத்தம் போட்டு அழுதாள். பூ வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் ஒன்றே ஒன்று, வெள்ளைப் பூ, விரல்களுக்கடியில் வைக்காமல் நெஞ்சின் மேல் சும்மா வைத்தாள். பெஞ்சுக்காரர் பெட்டியை மூடினார்.

மதியத்துக்கு மேல் மழை விட்டிருந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். முன்னால் இடது பக்கம் மேஸ்திரி. தெருவில் தண்ணீர் தேங்கிய இடங்களில் நின்று நிதானித்து, நெடுஞ்சாலையைக் கடந்து, தேவாலய வாசலில் ஏறினார்கள். கதவைத் தாண்டி ஐந்தடி. காலடியில் அந்தச் சிமெண்ட் பட்டை வந்ததும், மேஸ்திரியின் உடம்பு தானாகவே இடப்பக்கம் திரும்பப் போனது. பத்தொன்பது நாள் அங்கே நின்ற உடம்பு.

“நேராப் போங்க மேஸ்திரி,” என்றார் பெஞ்சுக்காரர்.

நேராகப் போனார். காது பெட்டியின் பலகையை ஒட்டியிருந்தது. வெளியே லாரி ஒன்று போய் முடியும்வரை பொறுத்து, திரும்பவும் காதைக் கொடுத்துக் கேட்டார். நாற்பது பெஞ்சுகளையும் தாண்டிப் பீடத்துக்கு முன்னால் இறக்கும்வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

கடைசியாக முகம் பார்க்க மூடியைத் திறந்தார்கள். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் தலை நேராக இருந்தது. பூ, வைத்த இடத்திலேயே இருந்தது.

மேஸ்திரி அதைத் தொடவில்லை. அங்கேயே முழங்கால் மடங்கி உட்கார்ந்து, பதினோரு வருஷத்து அழுகையையும் சேர்த்து அழுதார்.